மூன்று முறை கெட்டு, நான்காம் முறை திரண்ட ஓரியோ ஐஸ்கிரீம்

மே 11 அன்று என் மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. கேக் வேண்டாம், கடை ஐஸ்கிரீமும் வேண்டாம், நம் வீட்டிலேயே செய்த ஓரியோ ஐஸ்கிரீம்தான் வேண்டும் என்று ஏப்ரல் கடைசியிலேயே அவள் கேட்டுவிட்டாள். கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். மதுரை வீட்டில் நான், மகள், மாமியார் மூவர் மட்டுமே. தெருவிலும் பள்ளியிலுமாக 22 பிள்ளைகளை அவள் அழைத்திருந்தாள். இதில் என்ன பெரிய கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். அதன்பின் வந்த பதினைந்து நாட்களில் மூன்று முறை செய்து மூன்று முறையும் கெட்டது. ஏறத்தாழ 2,700 ரூபாய் வீணானது. ஆறு இரவுகள் நடுநிசிவரை அடுக்களையில் நின்றேன். யாராவது முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்தே இருக்காது என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் முயற்சியில் வீட்டில் தினமும் வாங்கும் 3 சதவீதக் கொழுப்புள்ள பாலை ஒரு லிட்டர் எடுத்து, முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து ஆறவைத்தேன். அதில் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைப் போட்டு மிக்சியில் அடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தபோது சிமெண்ட் கலவையின் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. கரண்டி இறங்கவில்லை. மாமியார் தோசைத் திருப்பியின் முனையால் குத்திப் பெயர்த்துக் கொடுத்த துண்டை வாயில் போட்ட மகள், ஒன்றும் சொல்லாமல் மென்றுகொண்டே இருந்தாள். பனிக்கட்டி நறநறவென்று கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. அன்று போனது 420 ரூபாய்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதை அசையாமல் வைத்து மெல்ல உறையவிட்டால் தண்ணீர் தனியே பிரிந்து பெரிய பெரிய ஊசிகளாகப் படிகமாகிவிடும். நாக்கில் ஐஸ்கிரீம் வழவழப்பாகத் தெரிய வேண்டுமானால் அந்தப் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியனவாக இருக்க வேண்டும். அவற்றுக்கு இடையில் கொழுப்பும், உறையாத சர்க்கரைப் பாகும், காற்றும் இருக்க வேண்டும். இந்தியாவில் ஐஸ்கிரீம் என்று பெயரிட்டு விற்க வேண்டுமானால் அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. ஒரு லிட்டரின் எடை 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் ஒரு லிட்டர் டப்பாவில் ஏறக்குறைய பாதி இடம்வரை காற்று இருக்கலாம் என்பது புரிந்தபோதுதான், என் டப்பாவில் காற்றே இல்லை, கொழுப்பும் போதவில்லை என்பது தெளிவாயிற்று. நிறம் மாறியதற்கும் காரணம் கிடைத்தது. இந்த பிஸ்கட்டின் கருமை, காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோவால் வருவது. 1908இல் அமெரிக்காவில் வந்த ஹைட்ராக்ஸ் என்ற பிஸ்கட்டும், 1912இல் நியூயார்க்கில் பிறந்த ஓரியோவும் அந்தக் கருப்புக்கும் நடுவில் உள்ள வெள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டால்தான் கண்ணைப் பறிக்கின்றன. மிக்சியில் இட்டுத் தூளாக்கினால் அந்த வேறுபாடு அழிந்து, எல்லாம் சாம்பல் நிறமாகி, மெல்லிய கசப்பும் ஏறிவிடும். பிஸ்கட்டை ஒருபோதும் மிக்சியில் அடிக்காதீர்கள், கையால் உடையுங்கள்.

கொழுப்பு போதவில்லை என்பதால் இரண்டாம் முறை கிரீம் வாங்கினேன். 250 மில்லி அட்டைப்பெட்டிகள் இரண்டு, ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க். கிரீமைக் கெட்டியாக நிற்கும்வரை அடித்து, கண்டென்ஸ்டு மில்க்கை மெதுவாகக் கலந்து, உறையவைத்தால் போதும் என்பதுதான் பலரும் சொல்லும் வழி. இரவு பத்தரை மணிக்கு அடிக்கத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் அடித்தும் கிரீம் மோர் போலத் தண்ணீராகவே இருந்தது. கை பீட்டர் சூடேறிப் புகைநாற்றம் அடித்து நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய 350 ரூபாய் ஆனது. கலந்ததை வீணாக்க மனமில்லாமல் பிஸ்கட் துண்டுகளைப் போட்டு உறையவைத்தேன். கரண்டி இறங்கியது, இனிப்பும் இருந்தது, ஆனால் பால்கோவாவை உறையவைத்ததுபோல் கனத்துக் கிடந்தது. பிஸ்கட் துண்டுகளோ நனைந்த அட்டைபோல் நமத்துப்போயிருந்தன. இந்தச் சுற்றில் பொருட்செலவு மட்டும் 780 ரூபாய்.

மறுநாள்தான் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். கொழுப்பு 25 சதவீதம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. குழம்புக்கும் பழக்கலவைக்கும் ஊற்ற அது நல்ல கிரீம்தான். ஆனால் அடித்து நுரைத்து நிற்க வேண்டுமானால் குறைந்தது 30 சதவீதம், நன்றாக நிற்க 35 சதவீதம் கொழுப்பு வேண்டும். கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. துளிகள் போதாவிட்டால் சுவர் எழும்பாது. குளிர்ச்சியும் அவ்வளவு முக்கியம். அக்னி நட்சத்திர வெயிலில் எங்கள் அடுக்களை இரவிலும் 34 டிகிரியில் இருக்கிறது. கிரீம் 10 டிகிரியைத் தாண்டினால் கொழுப்பு இளகிவிடும், பிறகு எத்தனை நேரம் அடித்தாலும் பயனில்லை. 35 சதவீத கிரீமே கிடைத்தாலும் பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கிரீம் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் இருத்தி அடியுங்கள். கம்பியின் தடம் அழியாமல் நிற்கும் நிலையில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் வெண்ணெய் திரண்டுவிடும்.

அன்று மாலை கணவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் அழுதுவிட்டேன். ஒரு ஐஸ்கிரீமுக்காகவா அழுகிறாய் என்று அவர் கேட்டார். அது ஐஸ்கிரீமுக்கான அழுகை என்று எனக்குத் தோன்றவில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் பிள்ளை வாய்திறந்து கேட்ட ஒன்றைக்கூடச் செய்து கொடுக்க முடியவில்லையே என்ற ஆற்றாமை அது. மாமியார் அருகில் வந்து உட்கார்ந்து, "ஏம்மா, கடையில ரெண்டு டப்பா வாங்கிட்டா ஆச்சு, இதுக்குப்போய் உடம்பக் கெடுத்துக்கிறியே" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனாலும் எனக்கு விட மனம் வரவில்லை.

மூன்றாம் முறை, பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டு, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் ஒரு லிட்டர் வாங்கினேன். அது உறைந்த நிலையில் வரும். வெளியே வைத்து இளக்காமல், முந்தைய நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் மலைபோல் எழும்பியது. மகிழ்ச்சியில் அது ஏற்கெனவே இனிப்பு சேர்த்த கிரீம் என்பதை மறந்து, கண்டென்ஸ்டு மில்க்கையும் முழு டின் ஊற்றிவிட்டேன். பிஸ்கட்டையும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலைவரை மின்சாரம் இருக்காது என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. நான் செய்தித்தாளைப் பார்க்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. மாலையில் திறந்தால் டப்பாவில் பாதி உயரத்துக்கு இறங்கிய இனிப்புக் கூழ் இருந்தது. மறுபடி உறையவைத்துப் பார்த்தால் மேலே மொறமொறவென்று பனி, அடியில் பாகு. அதிலும் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை; வாயின் சூட்டில் எளிதில் உருகாத தாவரக் கொழுப்பின் குணம் அது. 1,150 ரூபாயை அப்படியே கொட்டினேன். ஒரு பகல் முழுவதும் வெதுவெதுப்பாகக் கிடந்த பால் பொருளை மீண்டும் உறையவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. உறைதல் கிருமிகளைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். காசு போனாலும் போகட்டும், அப்படி இளகியதைக் கொட்டிவிடுங்கள்.

இந்தத் தோல்விக்குப் பிறகு 250 ரூபாய் கொடுத்து ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். அதை இன்றுவரை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டி, குளிரைக் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பி வைத்தும் மைனஸ் 8 டிகிரியைத் தாண்டிக் குளிரவில்லை. ஐஸ்கிரீம் இறுகி நிற்க மைனஸ் 18 வேண்டும். நான் எத்தனை நல்ல கிரீம் வாங்கியிருந்தாலும் அந்தப் பெட்டியில் அது சரியாக இறுகியிருக்காது என்பது அப்போதுதான் விளங்கியது. ஐஸ்கிரீம் செய்ய நினைப்பவர்கள் பால் வாங்குவதற்கு முன் தங்கள் ஃப்ரீசரின் குளிரை அளந்து பாருங்கள் என்று இதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு: பனி படியாமலிருக்க அது அவ்வப்போது தானே சற்றுச் சூடாகிக்கொள்ளும், அந்த ஏற்ற இறக்கத்தில் சிறிய படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும். ஆகவே டப்பாவைக் கதவருகில் வைக்காமல் பின்பக்கம் தள்ளி வையுங்கள். பரப்பின் மேலேயே ஒட்டும்படி பட்டர் பேப்பரை விரித்து மூடுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பிறந்தநாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போனபோது ஒரு ஜிகர்தண்டா கடையில் ஒதுங்கினேன். கடையின் பின்னால் ஒரு பெரியவர், மரப்பீப்பாய்க்குள் நிறுத்திய உயரமான பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இடவலமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். வாய் திறந்து யாரிடமும் கேட்காமல் இத்தனை நாட்களை வீணடித்திருந்த நான், அன்று கூச்சத்தை விட்டு, "ஐயா, இதை வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டேன். "செய்யலாம் தாயி. கை ஓயாமச் சுத்தணும், ஓரத்துல பிடிக்கிறதைச் சுரண்டிக்கிட்டே இருக்கணும், உப்புத் தண்ணி உள்ள போயிரக் கூடாது. இந்த மூணுதான்" என்றார். பாத்திரத்தின் மூடியைத் திறந்து மரக் கரண்டியை உள்சுவரில் ஓட்டிக் காட்டினார். சுவரில் காகிதம்போல் மெல்லிய ஒரு படலம் உறைந்திருந்தது. கரண்டி பட்டதும் அது சுருண்டு நடுவில் விழ, அந்த இடத்தில் மறுபடி ஈரம் பரவி உறைந்தது. நான் வாசித்துத் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும்விட அந்த அரை நிமிடக் காட்சி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. உறைவது ஓரத்தில்தான். உறைந்தவுடன் சுரண்டிக் கலந்துவிட்டால் படிகம் வளர நேரமே கிடைக்காது.

உப்பு எதற்கு என்றால், அது ஐஸை உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் பக்கத்திலுள்ள பாத்திரத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது என்பதால் குளிர் அதற்கும் கீழே இறங்குகிறது. அளவு சரியாக அமைந்தால் மைனஸ் 21 டிகிரிவரை இறங்கும் என்பது அறிவியல். என் வீட்டு வாளியில் மைனஸ் 14 வந்தது, அதுவே போதுமாக இருந்தது. எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. நான் ஐஸ் கம்பெனியில் 8 கிலோ பார் ஐஸும், கடையில் இரண்டரை கிலோ கல்லுப்பும் வாங்கினேன். பார் ஐஸ் மீனுக்கும் இறைச்சிக்கும் போடுவது. ஒரு துண்டுகூட உணவில் விழக் கூடாது. உப்புக் கலந்த ஐஸில் வெறுங்கையை வைத்திருந்தால் தோல் வெந்ததுபோல் எரியும். எனக்கு இரண்டு விரல்களில் சிவந்து போனது. கையுறையோ தடித்த துணியோ அவசியம்.

கலவைக்கு நம் ஊர்களில் கிடைப்பதை வைத்தே செய்தேன். 35 சதவீத கிரீம் தேடி அலைய நேரமில்லை. 25 சதவீத கிரீமே நுரைத்து நிற்க உதவும் ஜி.எம்.எஸ். (கிளிசரால் மோனோஸ்டியரேட்) தூளும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) தூளும் பேக்கரிப் பொருள் கடையில் சிறு பாக்கெட்டுகளில் கிடைக்கின்றன. 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு லிட்டர், சர்க்கரை 150 கிராம், சோளமாவு (கார்ன் ஃப்ளோர்) இரண்டு மேசைக்கரண்டி, ஜி.எம்.எஸ். இரண்டு மேசைக்கரண்டி, சி.எம்.சி. அரைத் தேக்கரண்டி. தூள்களைச் சர்க்கரையோடு கலந்து ஆறிய பாலிலேயே கரைத்துவிட்டு, அதன்பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான பாலில் போட்டால் சி.எம்.சி. கட்டி கட்டியாகிவிடும். பால் நன்றாகக் கொதித்து ஏழெட்டு நிமிடம் ஆக வேண்டும், ஜி.எம்.எஸ். ஏறக்குறைய 60 டிகிரியில்தான் உருகும், அது முழுவதும் உருகாவிட்டால் வாயில் மெழுகுத் துணுக்காகத் தட்டுப்படும். 24 பிஸ்கட்டுகளைப் பிரித்து, நடுவிலிருந்த வெள்ளைக் கிரீமைக் கத்தியால் வழித்துக் கொதிக்கும் பாலிலேயே சேர்த்தேன். சர்க்கரையை 150 கிராமோடு நிறுத்தியது அதனால்தான். ஆறியபின் இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வேண்டாம். கொழுப்பு இறுகியிருந்தால்தான் மறுநாள் காற்றைப் பிடிக்கும்.

நமத்துப்போன பிஸ்கட்டுக்கு என் தீர்வு இதுதான். கிரீம் வழித்த வில்லைகளைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கையால் உடைத்து, சல்லடையில் சலித்துத் தூளைத் தனியே எடுத்துவிட்டேன். கலவையைச் சாம்பலாக்குவது அந்தத் தூள்தான். அது மேலே தூவப் பயன்படும். துண்டுகளை உருக்கிய சாக்லேட்டில் இலேசாகப் புரட்டி, தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் வைத்தேன். சாக்லேட் இல்லையென்றால் உருக்கிய வெண்ணெயும் ஓரளவு உதவும். எண்ணெய்ப் பசையுள்ள உறை ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். ஓரியோதான் வேண்டும் என்பதும் இல்லை. போர்பன் பிஸ்கட்டிலும் பின்னொரு நாள் செய்து பார்த்தேன், கருமை குறைவு, கசப்பும் குறைவு, என் மாமியாருக்கு அதுதான் பிடித்தது.

மே 10 மாலை, கொல்லைப்புறத்தில் பெரிய வாளியில் ஐஸும் உப்பும் அடுக்கி, நடுவில் ஐந்து லிட்டர் தூக்குவாளியை இறக்கினேன். மூடியின் விளிம்பில் துணி சுற்றியிருந்தேன். மாமியார் வாளியைப் பிடித்துக்கொண்டார். மகளும் நானும் மாறி மாறிச் சுழற்றினோம். இருபது நிமிடத்தில் ஓரமெல்லாம் கூழாகிவிட்டது. அந்த நிலையில் சரிசெய்த பீட்டரால் எட்டு நிமிடம் அடித்தேன். அடியில் கிடந்த கலவை மேலே எழும்பி வந்ததைக் கண்டு மூவரும் ஒருசேரக் கத்திவிட்டோம். பிறகு குளிர்ந்த கிரீம் 400 மில்லி சேர்த்து, மறுபடி இருபத்தைந்து நிமிடம் சுழற்றலும் சுரண்டலும். இட்லி மாவு போலிருந்தது மெல்ல மெல்ல வெண்ணெய்போல் கரண்டியில் நின்றபோது பிஸ்கட் துண்டுகளைக் கொட்டி, நாலே புரட்டு புரட்டி நிறுத்தினேன். அதற்கு மேல் கிளறினால் நிறம் மங்கும். இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாக வந்தது. கணக்குப் போட்டால் பால் கொழுப்பு ஏறக்குறைய 10 சதவீதம். முன்பே குளிரவைத்த அகலமான எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். ஆழமான பிளாஸ்டிக் டப்பாவைவிட இது பலமடங்கு விரைவாக இறுகும். எதிர்வீட்டு அக்காவின் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜைக் கேட்டு அங்கே வைத்தேன். இரண்டு வாரமாக இந்த ஒரு உதவியைக் கேட்கத் தயங்கியிருந்தேன். கேட்டதும் அவர் மீன் பாக்கெட்டுகளை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை ஐந்தரைக்குத் தட்டைக் கொண்டு வந்தேன். குளிர்நாடுகளில் பத்து நிமிடம் வெளியே வைத்துப் பிறகு எடுப்பார்கள். மதுரையின் மே மாதத்தில் மூன்று நிமிடம் போதும், கிண்ணங்களையும் குளிரவைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வெளேரென்ற பரப்பில் கரண்டியை இழுத்தபோது அது சுருள் சுருளாக வந்தது, நடுநடுவே கருப்புத் துண்டுகள். முதல் கிண்ணத்தை மகள் பாட்டிக்குக் கொடுத்தாள். இரண்டாவதை வாங்கி, ஒரு வாய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே பிஸ்கட் நறுக்கென்று உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.